சுளகில் பெய்த மழை

மார்கழி பதினேழில் நான்
தை மாதத்து மழையைப் பெய்தேன்.
கொழும்பில், காற்றுப் புகாத அறையில்,
ஒரு சுளகு, ஒன்றரைக் கொத்துப் பயறு.
மெல்லச் சாய்த்தால் தூறல்,
மணிக்கட்டை உதறினால் சோனாவாரி.
கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர்
ஒரு விரல் காட்டினால் இடி.
இடி ஒரு தகரத் துண்டு.

மழையில் நனைந்து மகனைத் தேடும்
எழுபது வயது வள்ளியம்மைக்கு
குருநகர் பிலோமினா குரல்.
அவளுக்குப் பத்தொன்பது.
அழுகைக்கும் அழுகைக்கும் இடையில்
கச்சான் கொறித்தாள்.
கோதைச் சத்தமில்லாமல்
என் சட்டைப் பையில் போட்டாள்.

பொங்கலன்று ஊரில் நின்றேன்,
மெயில் ரயிலின் கரி இன்னும் காதுக்குள்.
புன்னாலைக்கட்டுவன் வாசிகசாலை.
மேசைக்கு மேல் வானொலி,
மேசைக்குக் கீழ், சுன்னாகத்தில் சார்ச் ஏற்றி
சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்த
கார் பற்றறி.
ஏரியல் கம்பி ஓட்டிலிருந்து பனைக்குப் போனது.

முதலில் நாதஸ்வரம்.
தவில் சேர்ந்ததும் தம்பிராசா
தொடையில் தாளம் போட்டார்,
பிழையாகத்தான்.

பேந்து பேச்சு: புகையிலையில் இலைச்சுருள்.
"உவர் எப்ப கன்று நட்டவர்?"
வானொலியைப் பார்த்துக் கேட்டார் கதிரிப்பிள்ளை.
அது நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது.
"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுறாரில்லை."

அதற்குப் பிறகு எங்கள் நாடகம்.
எழுதியவர், நடித்தவர்கள், தயாரித்தவர்
எல்லாருக்கும் பெயர் வாசித்தார்கள்.
மழைக்குப் பெயர் இல்லை.
நான் கடைசி வாங்கில் இருந்தேன்.

வள்ளியம்மை படலையைத் திறந்தாள்.
அந்தக் கிறீச், ஸ்டூடியோக் கதிரையின் கால்.
"பாவம் மனிசி, இந்த வயதில தனிய"
என்றது ஒரு குரல்.
அப்போது என் பயறு விழத் தொடங்கியது.

சீட்டு விளையாடிய இருவர்
கையை நிறுத்தினார்கள்.
சுளகு உரத்தது.
கதிரிப்பிள்ளை எழும்பினார்,
சால்வையை உதறித் தலையில் போட்டார்,
ஆரோடும் பறையாமல்
பின்னேர வெயில் காய்ந்துகொண்டிருந்த
ஒழுங்கையில் ஓடினார்.
வளவில் ஒடியல் பரப்பியிருந்தது.

யன்னலால் பார்த்தேன்.
அரை ஒழுங்கை போய்த்தான்
உள்ளங்கையை நீட்டி வானத்தைக் கேட்டார்.
நின்றார்.
சால்வை தோளுக்கு இறங்கியது.
அதற்கென்றே வந்தவர்போல
வேலியில் சரிந்த கிளுவந்தடி ஒன்றை
நிமிர்த்திவிட்டு
ஆறுதலாகத் திரும்பி வந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒழுக்கு விழும் இடத்திலிருந்து
சின்னத்துரை ஏற்கெனவே
வாங்கோடு தள்ளி இருந்தார்.

"பெய்யத்தான் பெஞ்சது, கூடிப்போச்சு.
தையில இப்பிடிப் பெஞ்சால்
பொயிலை அழுகும். எழுதினவனுக்குத்
தோட்டம் தெரியாது"
என்றார் கதிரிப்பிள்ளை.
எழுதினவனுக்குத் தெரியும்.
அவன் 'சிறு தூறல்' என்றுதான் எழுதியிருந்தான்.
பிலோமினா அழுத அழுகைக்கு
என் மணிக்கட்டுத்தான் அடங்கவில்லை.

மகன் வரும் காலடி கேட்கும் நேரம்
பற்றறி இறங்கியது.
குரல்கள் மெலிந்து, நூலாகி,
இரைச்சல்கூட இல்லாமல் போயின.
"தம்பி, நீர் கொழும்பில எல்லோ.
சொல்லும், பெடியன் வந்தவனோ?"

எனக்குத் தெரியாது.
அந்தக் காட்சியில் மழை இல்லை.
நான் நிலத்தில் சிந்திய பயறை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, எண்ணிக்
கணக்குக் கொடுக்கப் போயிருந்தேன்.

"வந்தவன்" என்றேன்.
எல்லாரும் எழும்பினார்கள்.
கைலேஞ்சி தேடிப் பைக்குள் விட்ட விரலில்
ஒரு கச்சான் கோது
நொறுங்கியது.