கம்பிவேலி

எண்பத்தாறில் விசைப்படகு அணிக்கும்
கட்டுமர அணிக்கும் இறுதி ஆட்டம்.
லூர்தையனுக்கு இரண்டு பல்,
கிளீற்றஸுக்கு இடது காதில் பாதி.
கோப்பையை யாரும் எடுக்கவில்லை.

மறுவாரம் சின்னத்துறை மைதானத்தைச் சுற்றி
போலீஸ் வேலி அடித்தது. ஒரே வாசல்.
'மிருகங்க' என்றார் இன்ஸ்பெக்டர்,
எங்களைப் பார்க்காமலே.

பழகிப்போச்சு.
கோல் விழுந்தால் கம்பியில் ஏறுவோம்,
மற்ற நாளில் அதில் வலை உலரும்.

எண்பத்தொன்பதில்
இருபது நாள் சுறாவுக்குக் கிடந்து கரையேறியபோது
எஸ்தாக்கியின் தேநீர்க்கடையில்
வடை மடித்த பழைய பேப்பர்:
ஷெஃபீல்டு. பந்து பார்க்கப் போனவர்கள்
தொண்ணூற்றைந்து பேர்.
குடித்திருந்தார்கள், அவர்கள்மேல்தான் தப்பு என்று
அங்கேயும் ஒரு போலீஸ்.

எண்ணெய் ஊறிய படத்தில்
கம்பியோடு அழுந்திய ஒரு பெண்ணின் கன்னம்.
செவுள் மாட்டிய மீனை
தினம் கழற்றுகிற கை எங்களுடையது.
வடையை யாரும் தொடவில்லை.

அன்றிரவே அறுத்தோம்.
ஒரு முனையை லூர்தையன் பிடித்தான்,
மறு முனையைக் கிளீற்றஸ்.
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை இருவருக்கும்.
'இழுலே' என்றது யாரென்று
இருட்டில் தெரியவில்லை.