மின்போர்வைக்குள் ஒரு டேங்க்

இந்தக் குளிரில் எபாக்ஸி இறுகாது என்றான் இவோர்.
மூன்று இரவாக
அவனுடைய நார்ட்டனின் பெட்ரோல் டேங்க்
என் மின்போர்வைக்குள் படுத்திருக்கிறது.
நான் சோபாவில்.

குற்றம் இப்போதைய பெட்ரோலுடையது.
அதில் கலந்த எத்தனால்
ஐம்பது வருஷத்துப் பிசினை மெல்ல மெல்ல இளக்கி
கார்புரேட்டருக்குள் பாகாய் இறக்கிவிட்டது.
வெளியே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாய்.

சோப்புத் தண்ணீரில் ஏழு தரம் அலசி
வாரக்கணக்கில் திறந்துபோட்டு
வாசனை போன பிறகே அடியை அறுத்தான்.

உள்ளே டார்ச் அடித்தோம்.
கண்ணாடி இழைகளின் மேல்
பிசின் ஈரத்தில் யாரோ அழுத்திய கட்டைவிரல்.
ரேகை சுழிசுழியாய், அப்படியே.
சின்ன விரல். என்னுடையதை வைத்துப் பார்த்தேன்,
கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"இதைத் தேய்க்காதே."
"தேய்க்காவிட்டால் பிடிக்காது, நெஸ்டா.
அங்கேதான் முதலில் ஒழுகும்."
உப்புத்தாளை என் கையில் கொடுத்தான்.
நானே தேய்த்தேன்.

அடியை மூடி, புது இழை ஒட்டி,
சீலரை ஊற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து
குப்புற, மல்லாக்க, ஒருக்களித்து
ஒரு மணி நேரம் புரட்டினோம்.
பேசிக்கொள்ளவில்லை.
இத்தனை நேரம் சண்டையில்லாமல்
நாங்கள் எதையும் சேர்ந்து பிடித்ததில்லை.

இன்று பெட்ரோல் நிரப்பி
கூடத்தில் செய்தித்தாள் விரித்து வைத்தான்.
விடியலில் பார்த்தால் ஒரு ஈரப்புள்ளி.
மண்டியிட்டு முகர்ந்தான்.

மழை.

ஊர் முழுக்கக் கூரைக்கல் வெட்டிய பெத்தெஸ்தாவில்
எங்கள் கூரைதான் ஒழுகுகிறது.
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று
பக்கெட்டைத் தேடப் போனான், விசிலடித்துக்கொண்டே.