இனிஷியல்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
கப்பல் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோருடைய பெயரையும்
பாஸ்போர்ட்டிலிருந்து பாரத்துக்கு மாற்றுவது என் வேலை.
ஓர் எழுத்து பிசகினால்
அரைநாள் சம்பளம்.

பாரத்தில் இரண்டு கட்டங்கள்.
முதலாவது பெயர். அடுத்தது குடும்பப் பெயர்.
காசிமேட்டுப் பையன்கள்
இரண்டாவதில் முழித்துக்கொண்டு நிற்பார்கள்.
"அப்பா பேரப் போட்டுருக்கா."
போட்டுவிடுவேன்.
அப்புறம் ஒன்பது மாதம்
நடுக்கடலில் அவனை எல்லோரும்
அப்பன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.
என்றோ செத்துப்போன சவரிமுத்து
இன்றைக்கும் மூன்று கப்பல்களில்
என்ஜின் துடைக்கிறார்.

எண்ணூருக்கு வெளியே
நாலு நாளாக நங்கூரமிட்டுக் கிடந்த நார்வே கப்பலிலிருந்து
ஒருவனைப் பல்வலிக்கு இறக்கினார்கள்.
டோர்ஸ்டைன் ஹாகன், இரண்டாம் மேட்.
டாக்டர் வர நேரமாகும், கரண்ட்டும் போயிருந்தது.
வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி
என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ரொம்ப நாள் சந்தேகம், கேட்டேவிட்டேன்:
உங்களுக்கு மட்டும் எங்கிருந்தய்யா வந்தது இந்தக் குடும்பப் பெயர்?

வலியோடு சிரித்தான்.
அவன் முப்பாட்டன் காலத்தில் அங்கேயும் கிடையாதாம்.
ஊலே மகன் ஊல்சன்,
அந்த ஊல்சன் லார்ஸ் என்றால் அவன் மகன் லார்சன்,
தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாறும்,
நம்மைப் போலவே.
பிறகு ஒரு சட்டம் வந்து
நின்ற இடத்தில் எல்லோரையும் நிற்கச் சொன்னது.
அன்றைக்கு யார் மகனோ
என்றைக்கும் அவன் மகன்,
பெண்ணாகப் பிறந்தாலும்.

பெடர்சன்?
பேதுருவின் மகன் என்றான்.
பேதுரு எங்களுக்கு ராயப்பர்.
அப்படிப் பார்த்தால் இந்த ராயபுரம் முழுக்க பெடர்சன்தான்,
மீன் விற்கிற பெடர்சன், ஷேர் ஆட்டோ பெடர்சன்.

சிலர் அப்பனை விட்டு
இருந்த நிலத்தின் பேரை எடுத்துக்கொண்டார்களாம்.
ஹாகன் என்றால்?
உள்ளங்கையைக் கவிழ்த்து
மேஜைமேல் சின்னதாக ஒரு குன்று காட்டினான்.
"மேடு" என்றேன்.
மேது, மேது என்று சொல்லிப் பார்த்தான்.
டோர் இடியின் சாமி, ஸ்டைன் கல்.
ஆக எங்கள் கல்மண்டபத்தில்
இடிக்கல் மேட்டுக்காரன் ஒருவன்
கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது.
அவன் கப்பல் பட்டியலில் பதினோராவது வரியில்
விரல் நின்றது எனக்கு:
சிக்ரீதுர் ஹெல்குதோத்திர். மூன்றாம் என்ஜினியர். பெண்.

ஐஸ்லாந்துக்காரி என்றான்.
அங்கே யாரும் பேரை நிறுத்தி வைக்கவில்லை,
கல்யாணம் ஆனாலும் மாற்றுவதில்லை.
சிக்ரீதுர், வெற்றியும் அழகும்.
எங்கள் தெருவில் பிறந்திருந்தால் ஜெயசுந்தரி.
தோத்திர் என்றால் மகள்.
(ஜெபக்கூட்டத்தில் எத்தனை தோத்திரம் சொல்லியிருப்பேன்,
ஒன்றும் மகளுக்காக இல்லை.)
ஹெல்கு, அது யார், அப்பாவா?

இல்லை, ஹெல்கா. அம்மா.

ஏன் அம்மா பேர்?
கைக்குட்டையை மறு கன்னத்துக்கு மாற்றினான், வலி இல்லாத பக்கம்.
"ரெண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்க்கிறோம்,
கேட்கத் தோன்றியதில்லை."

பிறந்தபோது நான் சூ. பெர்பெத்தாள்.
மோதிரம் மாற்றியதும் டே. பெர்பெத்தாள்,
யாரோ முச்சந்தியில் நின்று அதட்டுவதுபோல.
டேனியல் போய் ஆறு வருஷம்.
அந்த அதட்டல் மட்டும்
ரேஷன் கார்டிலும் கேஸ் புக்கிலும் மிச்சம்.

மறுநாள் தண்டையார்பேட்டை ஸ்கூலில்
ஆறாம் வகுப்புப் பாரம் கொடுத்தேன்.
பெ. ஜெனோவா.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"பெ. யாரு, பெஞ்சமினா?"
இல்லை.
"பெரியநாயகம்?"
அதுவும் இல்லை மேடம்.
பேனா மூடாமலே இருந்தது.
வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்க முடியாமல்
ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தது.

நான்தான், என்றேன்.
சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது,
இன்னொரு தரம் சொன்னேன்.