குலுக்கல் முடிந்த சீட்டு

பகாவ் செம்பனை ஆலையில்
நான் தராசுக் கிராணி.
லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், எழுதுவேன்.
கழித்தால் வருவதுதான் பழம்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
எங்கள் தராசு கண்டுகொள்வதில்லை.

லீலாவுக்கு வைத்தியம் முடிந்தது ஏப்ரலில்.
அதுவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை
சிரம்பானுக்கு பஸ்,
ஒரு மணி நேரம் நரம்பில் சொட்டும் மருந்து,
திரும்பும் வழியில் கோலா பிலாவில் செண்டோல்.
நெஞ்சுக்குள் இருந்த கட்டி
ரம்புத்தான் கொட்டையளவு சுருங்கிவிட்டது என்றார்கள்.
கடைசி நாளில் மிஸ்ஸி ஓர் அட்டை தந்தார்,
ஓரமெல்லாம் மஞ்சள்:
'மருந்து நின்னாலும் இது கையில இருக்கட்டும்.'

என் நாலு நம்பர் சீட்டுகளோடு
பர்ஸில் வைத்தேன்.
குலுக்கல் முடிந்த சீட்டுகளை
ஏனோ எறிய மனம் வருவதில்லை எனக்கு.

செப்டம்பரில் வாயெல்லாம் புண்.
சம்பல் காரம் என்றேன்.
பிறகு நெஞ்சில் சிவப்பு.
வேர்க்குரு என்று பவுடர் தந்தது டவுன் கிளினிக்.
களைக்கொல்லி காற்றில் வந்திருக்கும்
என்றார் பக்கத்து வீட்டு மரியசூசை.
எதிர்வீட்டு தனபாக்கியம் எதுவும் கேட்காமல்
எங்கள் கேட்டில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள்.
மருந்து நின்று ஐந்து மாதம்.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் இரவு
தண்ணீர் கொடுக்கத் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.
அவள் கத்தவில்லை.
வெந்நீரில் போட்டெடுத்த தக்காளி போல
விரலுக்கடியில் ஏதோ வழுக்கியது.
விளக்கைப் போட்டேன்.
என் நாலு விரலும் அவள் தோளிலேயே இருந்தன,
தோல் இல்லாத நாலு இடங்களாக.

மரியசூசையின் காடியில் ஜெம்போல் ஆஸ்பத்திரி.
'என்ன மருந்து சாப்பிடுகிறார்?'
'ஒன்றும் இல்லை.'
அது பொய்யும் இல்லை.
பதிவுப் பணத்துக்குப் பர்ஸைத் திறந்தபோது
சீட்டுகளோடு அட்டையும் விழுந்தது.
குனிந்து எடுத்த டாக்டர் ஃபர்ஹானா
படித்தார், திருப்பினார், மறுபடி படித்தார்,
என்னிடம் எதுவும் சொல்லாமல் போனுக்கு ஓடினார்.

சிரம்பானில் விளக்கியவர் டாக்டர் ஹரிவதனன்,
பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில்.
கட்டியைக் கண்டும் காணாமல் கிடந்த உடம்பை
அந்த மருந்து உலுக்கி எழுப்பிவிட்டதாம்.
எழுந்தது இன்னும் படுக்கவில்லையாம்.
தோலுக்கு வந்துவிட்டது, கண்ணிமைக்கு, ஈரலுக்கு.
'எப்போது படுக்கும்?'
'தெரியலைங்கய்யா.'
அதை மட்டும் தமிழில் சொன்னார்.

ஸ்டீராய்டு அளக்க எடை வேண்டுமாம்.
கட்டிலோடு நிறுத்து, கட்டிலைக் கழித்தார்கள்.
எனக்குத் தெரிந்த கணக்கு.
நாற்பத்தொன்று.
ஏப்ரலில் ஐம்பத்திரண்டு.
எங்கள் தராசில் ஒரே ஒரு எண் நகரும்.

வாஸ்லின் ஊறிய வலைத்துணிக்குள்
முப்பத்தெட்டு நாள்.
மணிக்கொரு தரம் கண்ணுக்குச் சொட்டு,
இமை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.
தொட இடமில்லாததால்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஒருநாள் கம்பி குளிருதா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்துவிட்டாள்.
புதுத் தோல் இளஞ்சிவப்பு,
இரவல் வாங்கியது மாதிரி அதில் பத்திரமாக நடக்கிறாள்.
ஸ்கேனில் அதே ரம்புத்தான் கொட்டை.
அது வளர்ந்தால்
அந்த மருந்து இனி கிடையாது என்று
ஃபைலில் சிவப்பில் எழுதியிருக்கிறது.

தீபாவளிக்கு எடுத்த சட்டை
பிடரியில் உரசுகிறதாம்.
தராசுக் கூண்டிலிருந்து கத்தரி கொண்டுவந்து
அவள் துணிகள் எல்லாவற்றிலும்
கழுத்துச் சீட்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
மேசையில் சின்னக் குவியல்.
'எறிஞ்சிடு' என்கிறாள்.
பார்க்கலாம் என்கிறேன்.