கல்மண்டபம் ஏ.டி.எம்.

வகுப்பில் சீப்பு தோற்றுப்போனது.
எத்தனை தேய்த்தும்
காகிதத் துணுக்கு அசையவில்லை.
எண்ணெய்த் தலை, கடற்காற்று.
ராயபுரத்தில் மின்னூட்டம் தங்காது,
ஈரத்தில் நழுவிவிடும்.

சாயங்காலம் ஃபிலோமி
சீயக்காய் போட்டுக் குளித்து,
ஃபேனடியில் தலை காயவைத்து
சீப்போடு ஏ.டி.எம்முக்குப் போனாள்.
உள்ளே வறண்ட ஏசிக் குளிர்.
யாரோ வீசிய ரசீது:
மீதி நாற்பத்தியொரு ரூபாய்.
பொடியாகக் கிழித்தாள்.

தேய்த்தாள். கிட்டே கொண்டுபோனாள்.
நான்கு எழும்பி ஒட்டிக்கொண்டது,
ஒன்று தரையிலேயே துடித்தது.

"இன்னாம்மா பண்றே?"
வாட்ச்மேன் கேட்டு முடிப்பதற்குள்
கரண்ட் போனது.
கம்பிக்குள் ஓடுவது நின்றுவிட்டது.
சீப்பில் நிற்பது
இன்னும் கொஞ்சம் நின்றது.

அவர் கதவைத் திறந்தார்.
கடல் உள்ளே வந்தது.
நான்கு மெல்ல உதிர்ந்தது
ஒன்றின் பக்கத்தில்.