புரட்டாசி முடிந்தும்

புரட்டாசி முழுக்க
என்னை யாருக்கும் தெரியவில்லை.
சாட்ஸ்வொர்த்தே பருப்பும் பூசணியும் தின்ற மாதம்.
கசாப்புக் கடைக்காரர் நாற்காலியை வெளியே போட்டு
ஜகரண்டா மொட்டுகளைப் பார்த்தபடி கொட்டாவி விட்டார்.
கூட்டத்தோடு நானும் இருந்தேன்,
பேருந்தில் சீட்டு வாங்காதவள் போல.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.
விடிந்ததும் விடியாததுமாகத்
தெரு தாளிக்கத் தொடங்கிவிட்டது.
பட்டை, சோம்பு, ஆட்டுக்கறி.
எதிர்வீட்டுக் குக்கர் விசில் எண்ணிக்கையை மறந்துவிட்டிருந்தது.
குபேன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.
நான் தொடவில்லை.
"இன்னுமா?"
"இன்னும்."
அவ்வளவுதான் பேசினோம்.

காரணம் கேட்கிறார்கள்.
ஒரு கட்டத்தைத்தான் காட்ட முடியும்.
ஹாமர்ஸ்டேலில், முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடத்தில்
பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
பெட்டைக் குஞ்சு: எண்ணிக்கை, விலை, தொகை.
சேவல் குஞ்சு: எண்ணிக்கை.
விலை சுழி. தொகை சுழி.
அந்தச் சுழியை நான் அடிக்க வேண்டியதில்லை,
கணினியே போட்டுக்கொள்ளும்.
ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை
அது போட மறந்தது.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறுக்கு எதிரே
என் விரலால் நானே அடித்தேன்.

பார்க்க முட்டை போலவே இருந்தது.

கறியை விட்டது பெரிதில்லை.
மீன், கொஞ்சம் அழுதேன்.
தேநீர்தான் ஆளைக் கொன்றது.
சைவம் என்ற சொல்லுக்குள் போய் ஒதுங்கலாம் என்று பார்த்தால்
அங்கேயும் ஒரு மாடு நிற்கிறது,
மடி கனத்து,
கன்று எங்கே என்று யாரும் கேட்காத இடத்தில்.
ஓட்ஸ் பால் ஊற்றினேன், திரிந்து மிதந்தது.
கறுப்பாகக் குடித்தேன், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.
இப்போது ரூய்போஸ்.
செம்மண் கரைத்த நிறம்.
பிடித்திருக்கிறது என்று இன்னும் சொல்லமாட்டேன்.

கடையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பிஸ்கட் பொட்டலங்களின் முதுகைப் படிக்கிறேன்.
மோர்ப்பொடி. மோர்ப்பொடி.
மிளகாய் சிப்ஸில் உனக்கென்ன வேலை, மோர்ப்பொடியே?

நாத்தனார் சலோஷ்னி தொலைபேசியில் கவலைப்படுகிறாள்:
இரும்புச்சத்துக்கு என்ன செய்வாய்?
இரண்டு பிரசவம், ஒரு அறுவை சிகிச்சை,
இரவுப் பணி நாலு வருடம்.
அப்போதெல்லாம் என் இரும்பை
ஒருவரும் விசாரித்ததில்லை.

ஸிபோங்கிலே எதுவும் கேட்கவில்லை.
மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து
அவித்த கிழங்கைப் பாதியாக உடைத்தாள்.
அமடும்பே என்றாள்.
சேப்பங்கிழங்கு என்றேன்.
தோலுரித்து உப்பில் தொட்டுத் தின்றோம்.
அவள் வீட்டு முற்றத்தில் ஆறு கோழி திரிகிறது,
கிறிஸ்துமஸுக்கு அறுப்பாள்.
நானும் கேட்கவில்லை.

தீபாவளி பர்ஃபியைத் தேங்காய்ப்பாலில் கிண்டினேன்.
கடைசிவரை இறுகவில்லை.
கரண்டியால் அள்ளித் தின்ற பர்ஃபி
எங்கள் வீட்டுப் பர்ஃபி ஒன்றுதான் இருக்கும்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
குபேன் சிரிக்காமல்
இரண்டாவது கிண்ணம் கேட்டான்.

தூய்மை பற்றி யாரும் என்னோடு பேச வேண்டாம்.
காலில் இருப்பது தோல் செருப்பு,
தேயும்வரை போடுவேன்.
மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது,
எதை விற்று வருகிறது என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
வேறு வேலைக்கு இரண்டு விண்ணப்பம் எழுதினேன்.
ஒன்றை அனுப்பினேன்.

திங்கட்கிழமை.
கணினி சரியாகிவிட்டது,
சுழி தானே வந்து விழுகிறது.
நான் இடது பக்கத்து எண்ணைப் படிக்கிறேன்,
சத்தமில்லாமல், உதடு அசைத்து,
ஆயிரம், நூறு, பத்து,
ஒன்றுவரை.