ஆணித் துளைகள்

ஏழாம் கட்டில், பினாங்குப் பெரியாஸ்பத்திரி.
வயது அறுபத்தெட்டு: ஒரு புள்ளி.
சிறுநீரகம், மூச்சு, ரத்த அழுத்தம்
கணினியே கூட்டிக்கொள்கிறது.

எடை?
நீர் கோத்த உடம்பு பொய் சொல்லும்.
புறங்காலை அழுத்தினேன்,
குழி மெல்ல மெல்லத்தான் மேடானது.

வெளியே பூங்காவனம் அக்கா,
மடியில் அவர் துணிப்பை.
"நல்லாத்தாம்மா சாப்பிட்டாரு."

பைக்குள் பெல்ட்.
கடை போட்ட துளை ஐந்து.
அப்புறம் ஆணியால் குத்தியவை மூன்று,
கடைசியதில் தோல் பிசிறு இன்னும் உதிரவில்லை.
அக்காவும் பார்த்தார்.
"ஃபெரியில கயிறு இழுத்த மனுசன்..."

துளைக்குப் படிவத்தில் கட்டமில்லை;
ஓரத்தில் எழுதினேன்: மூன்று.
காய்ந்த வயிற்றைக் கஞ்சியும் கவிழ்க்கும்.
குழாயில் மணிக்கு இருபது மில்லி, போதும் இன்றைக்கு.

"நீ பசியாறிட்டியாம்மா?"
மணி நாலேகால்.